செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் தச்சுப்பட்டறை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே தச்சுப்பட்டறை அமைப்பது எப்படி என்று தேடினால், பெரும்பாலும் அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் நின்றுகொண்டு விளக்குகிற வீடியோதான் முதலில் வரும். அவர் கவலைகள் வேறு. தலையில் இடிக்கும் கூரை, சுவரில் ஊறும் ஈரம், படிக்கட்டில் பிளைவுட் இறங்குமா என்ற சந்தேகம், வீட்டைச் சூடாக்கும் உலைப்பக்கம் மரத்தூள் போய்விடுமோ என்ற பயம். நம் பக்கத்து வீடுகளோ தெருவைவிட உயர்ந்த மேடையில் நிற்பவை. நிலவறைக்கு இங்கே வேலையில்லை.

ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊரின் பழைய வீட்டுக்குப் போனாலும் பின்கட்டில் சும்மா கிடக்கும் அறைகளைப் பார்க்கலாம். தடித்த சுவர், சின்ன ஜன்னல், பகலிலும் அரை இருட்டு. வெளிநாட்டுக்காரர் நிலவறைக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி இந்த அறைக்குப் பொருந்தும். மீதிப் பாதிக்குப் பதிலாக நமக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. முக்கியமானது ஒன்றுதான்: பட்டறையை எடுத்துவிட்டால் அங்கே ஒரு பட்டறை இருந்த சுவடே தெரியக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துச் சொல்வது. புது வீட்டின் கார் ஷெட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ அமைப்பவர்கள் தரை, சுவர் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பங்காளிகளிடம் ஒரு வார்த்தை

பழைய வீடு பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்காது. நீங்கள் மட்டும் அங்கே குடியிருந்தாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பங்கு உள்ளவர்கள் இருப்பார்கள். உங்கள் பங்கில் வரும் அறையாக இருந்தாலும் சரி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனில் ஒருவரிடம் சொன்னது போதாது, எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு போடுங்கள். பிறகு 'எனக்குத் தெரியவே தெரியாதே' என்ற பேச்சு வராது.

படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது வந்தால் வீடு முழுக்க ஆள் நிறையும். பின்கட்டில்தான் சமையல் நடக்கும். ஆகவே நாலு பேர் சேர்ந்தால் அரை நாளில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடிய வேண்டும். கான்கிரீட் போட்டுப் பதித்த மேசை, சுவரில் ஆணியடித்த அலமாரி இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

எந்த அறை

வளவுப் பக்கம், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி, வேண்டாம். சத்தமும் தூசியும் முற்றத்தைச் சுற்றி எல்லா அறைக்கும் போகும். மூன்றாம் கட்டில், பின்வாசலுக்குப் பக்கத்து அறையைப் பாருங்கள். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பலகை ஏற்றிய வண்டி பின்தெருவில் வந்து நின்றால் முகப்பு, வளவு எதையும் தொடாமல் மரம் உள்ளே வந்துவிடும். எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை என்ற கூடம் வழியாகத் தூக்கி வரும்போது ஒரு முனை தரையைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும். எட்டடிப் பலகையை அறுக்க மெஷினுக்கு முன்னும் பின்னும் எட்டடி வேண்டுமே என்றால், அறுக்கும் திசையை வாசலுக்கு நேராக வைத்துவிடுங்கள். அறுபட்ட முனை நிலையைத் தாண்டி வெளியே போகட்டும். சின்ன அறையைப் பெரிதாக்க இதைவிட மலிவான வழி கிடையாது. நிலைப்படி உயரமாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சக்கரம் வைத்த மேசை அதைத் தாண்டாது.

மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் இரும்புக் கருவிகளை வைக்காதீர்கள். வேலையை அங்கே செய்யலாம், கருவி உள்ளே தூங்கட்டும்.

தரை, சுவர்

ஆத்தங்குடிக் கல் பார்க்கத்தான் வழுவழுப்பு. அது சிமென்ட்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்த கல், சூளையில் சுட்டது அல்ல. கீறல் விழும், எண்ணெயும் சாயமும் இறங்கும். அறையில் அந்தக் கல் இருந்தால் முதலில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் 12 மி.மீ. மலிவு பிளைவுட், அதன்மேல் நிற்கும் இடத்தில் ரப்பர் பாய். அதில் நின்றால் கால் வலி குறையும், கை தவறி விழும் உளியின் முனையும் தப்பிக்கும். விரிப்பைச் சில மாதத்துக்கு ஒரு முறை தூக்கிப் பாருங்கள், அடியில் கரையான் புற்று கட்டுகிறதா என்று.

சுவரில் டிரில் வைக்கவே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு மேலே பளிங்கு மாதிரி இருந்தாலும் அதிர்வுக்குப் பொருக்காக உதிரும், அதே மாதிரிப் பூசித் தரும் கொத்தனாரைத் தேடுவது பெரும்பாடு. கருவி மாட்ட, தரையில் தானாக நிற்கும் ஏணி போன்ற மரச்சட்டம் ஒன்று அடித்து அதில் பலகை பொருத்துங்கள். வீட்டில் பழைய மரப்பெட்டகம் கிடந்தால் இன்னும் நல்லது, பூட்டும் இருக்கும்.

மின்சாரம்

இதில் சிக்கனம் பிடிக்கக்கூடாது. பழைய வீட்டு ஒயரிங் நாலு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது. 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. முன்கட்டில் மெயின் போர்டு, பின்கட்டில் பட்டறை என்றால் நடுவே 150 அடி சாதாரணமாக வரும். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அவ்வளவு தூரம் 10 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 17 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். மாலையில் ஊரிலேயே வோல்டேஜ் குறைந்திருக்கும், அதில் இதுவும் சேர்ந்தால் மோட்டார் முனகும், சூடாகும், ஒரு நாள் புகையும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு நாலைந்து வோல்ட்தான்.

எலக்ட்ரீஷியனிடம் இப்படிக் கேளுங்கள்: மெயினிலிருந்து பட்டறைக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு, 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக் இரண்டு, சரியான எர்த். விளக்குகளை வேறு எம்.சி.பி.யில் வைக்கச் சொல்லுங்கள். மெஷின் ஓடும்போது எம்.சி.பி. விழுந்தால், சுற்றிக்கொண்டே இருக்கும் பிளேடும் நீங்களும் இருட்டில் நிற்கக்கூடாது. ஒயரைப் பைப்பில் விட்டு, சுவரில் துளை போடாமல் உத்தரத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டு வரலாம். அதற்காக பர்மா தேக்கு உத்தரத்தில் ஆணி அடிக்கவிடாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெளிச்சமும் தூசியும்

20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டை மேசைக்கு இரண்டு பக்கமும் மாட்டினால் கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. கூடவே கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்று. அதைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தால், இழைத்த பிறகும் மிச்சமிருக்கும் மேடு பள்ளம் அப்படியே தெரியும்.

தூசியை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மரத்தூளை உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சீவலால் கெடுதல் இல்லை. உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் மாவுதான் நுரையீரலுக்குள் போகும். ஆகவே தேய்ப்பதை முடிந்தவரை வெளியே, தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செய்தால் ஜன்னலில் வெளிப்பக்கம் தள்ளும் எக்சாஸ்ட் ஃபேன், மூக்கில் என்95 மாஸ்க். வீட்டு வேக்குவம் கிளீனர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மூடி போட்ட பெயின்ட் வாளியில் சைக்ளோன் கூம்பு (காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே தள்ளுவது) ஒன்றைப் பொருத்திவிட்டால் தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும்.

வேலை மேசை

மெஷின் வாங்கும் ஆசையை இங்கே நிறுத்தி வையுங்கள். முதலில் மேசை. மேசை ஆடினால் உளி வழுக்கும், இழைப்புளி குதிக்கும், நல்ல கருவியும் கெட்ட பெயர் வாங்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே மேசையின் மேல்மட்டம். நடுத்தர உயரம் உள்ளவருக்கு 32, 33 அங்குலம் வரும். கைக்கருவி வேலையே அதிகம் என்றால் ஓர் அங்குலம் குறைக்கலாம். நீளம் ஐந்தடி, அகலம் இரண்டடி.

மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் வாங்கி, கடையிலேயே ஐந்தடி நீளத்தில் குறுக்காக அறுத்து, அதை இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு இரண்டடியில் இரண்டு துண்டு கிடைக்கும். மிச்சமாகும் மூன்றுக்கு நாலடி கருவிப் பலகைக்கு ஆகும். இரண்டு துண்டையும் பெவிகால் முழுக்கத் தடவி ஒட்டி, அடிப்பக்கமிருந்து 30 மி.மீ. திருகாணி போட்டு, மேலே கனம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மொத்தம் 36 மி.மீ. கனம் வந்துவிடும்.

கால்களுக்கு நாலங்குலச் சதுரக் கட்டை. வேம்பு, பூவரசு, வாகை எதுவும் சரி, காய்ந்ததாக இருந்தால் போதும். இடப்பக்கம் இரண்டு காலை ஒரு சட்டமாக, வலப்பக்கம் இரண்டை ஒரு சட்டமாகக் கழுந்தும் துளையும் வைத்து, அதாவது ஒரு கட்டையின் நுனி மற்றதன் துளையில் இறங்கும்படி, ஒட்டிவிடுங்கள். இரண்டு சட்டத்தையும் இணைக்கும் நீளக் கட்டைகளை ஒட்டாதீர்கள். 10 மி.மீ. போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முறுக்குங்கள். படைப்புக்கு முந்தின நாள் எட்டு நட்டைக் கழற்றினால் மேசை தட்டையாகிவிடும். முறுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலையைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) தட்டிச் சரிசெய்து அப்புறம் முறுக்குங்கள்.

மேல்பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, நேரான இரண்டு குச்சிகளை மேசையின் இரு முனையிலும் குறுக்காக வைத்து, கண்ணைத் தாழ்த்தி முன்குச்சியின் மேல்விளிம்பு வழியாகப் பின்குச்சியைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் எதிர்க் காலின் அடியில் சின்னச் செதில் ஆப்பு கொடுங்கள்.

கனம் போதவில்லை என்றால் கீழ்க்கட்டைகள் மேல் பலகை பரப்பி, பின்கட்டில் யாரும் சீந்தாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லை ஏற்றிவிடலாம். ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள். வலக்கைக்காரராக இருந்தால் வைஸை (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியை) இடது முன்மூலையில் மாட்டி, அதன் இரும்புத் தாடைகளுக்கு உள்ளே மரப்பலகை ஒட்டுங்கள். இல்லையென்றால் பிடிக்கும் மரத்திலெல்லாம் பல் பதியும்.

கைக்கருவிகளும் தீட்டுவதும்

தொடங்க இவ்வளவு போதும்: 6, 12, 19, 25 மி.மீ. உளி நாலு, நடுத்தர இழைப்புளி ஒன்று, நுண்பல் கைரம்பம் ஒன்று, மூலைமட்டம், இரும்பு ஸ்கேல், கோடு கிழிக்கக் கூர்க்கத்தி, கிளாம்ப் ஆறு. கிளாம்ப் எத்தனை இருந்தாலும் பற்றாது, அது வேறு விஷயம். கொட்டாப்புளியை நீங்களே செய்துகொள்ளலாம். புளியங்கட்டை நல்லது. சீமைக் கருவேலமும் நல்லது. நம் கண்மாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டதற்காகத் திட்டு வாங்கும் மரம், கரியாகத்தான் போகிறது. ஆனால் கெட்டியானது, காய்ந்தால் அதிகம் சுருங்காது, பிடி போடவும் கொட்டாப்புளி செய்யவும் ஏற்றது.

கடையில் வாங்கும் உளி வெட்டத் தயாராக இருக்காது. தீட்டத் தெரியாதவருக்கு தச்சு எப்போதும் கஷ்டமான வேலையாகவே தோன்றும், ஆகவே இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்.

1000 நம்பர் தீட்டுக்கல் ஒன்று, 4000 அல்லது 6000 நம்பர் தீட்டுக்கல் ஒன்று வேண்டும். கல் தட்டையாக இல்லாவிட்டால் உளியும் தட்டையாகாது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் ஈர உப்புத்தாளை ஒட்ட வைத்து அதில் கல்லைத் தேய்த்து மட்டப்படுத்துங்கள். அதன்பின் உளியின் முதுகு: முனையை ஒட்டிய ஓர் அங்குலம் கண்ணாடிபோல் ஆகும்வரை கல்லில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். புது உளிக்கு ஒரு முறைதான் இந்தப் பாடு. அப்புறம் சாய்வு முகம். 25 பாகையில் சாய்வும், முனையில் மட்டும் 30 பாகையில் மெல்லிய இரண்டாம் சாய்வும் வைத்தால், அடுத்தடுத்த முறை அந்த மெல்லிய கோட்டை மட்டும் தொட்டால் போதும்.

1000 கல்லில் தேய்த்துக்கொண்டே வந்து, பெருவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கி வெளியே இழுத்துப் பாருங்கள். முனையின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். ஓரம் முழுக்க ஒரே சீராக ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டால் அதுதான் பிசிர். இரும்பு முனைவரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் மட்டும் தட்டுப்பட்டு மூலையில் இல்லையென்றால் இன்னும் தேய்க்க வேண்டும். பிசிர் வந்த பிறகு 4000 அல்லது 6000 நம்பர் கல்லுக்குப் போய், முன்பக்கம் பத்துத் தேய்ப்பு, முதுகில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தால் பிசிர் உதிரும். கடைசியில் தோல் வாரில் பின்னோக்கி நாலைந்து இழுப்பு. சோதிக்க, மென்மையான மரத்துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது நார் முடியும் பக்கத்தை, உளியால் சீவுங்கள். நொறுங்காமல் பளபளவென்று வந்தால் முடிந்தது.

வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும்.

மெஷின்கள்

டிரில் முதலில். அடுத்து வட்டரம்பமும் அதற்கு நேரான கைடு பலகையும், பிறகு சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்), பிறகு ரவுட்டர் (பள்ளமும் ஓரமும் செதுக்கும் மெஷின்). டேபிள் சாவை (மேசையில் பதித்த வட்டரம்பத்தை) ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள் என்பேன். இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்கட்டு அறையில் அதைச் சுற்றி நடக்கவே முடியாது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் இருக்கும் மாடலாகப் பாருங்கள். அறுபட்ட மரம் மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்தால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பறந்து வரும், அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். பிளேடின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள். குறுகிய பலகையைத் தள்ளுகோலால் தள்ளுங்கள்.

உடை பற்றி வெளிநாட்டு வீடியோ எதுவும் நமக்குச் சொல்லாது. வேட்டி, கைலி, தோளில் துண்டு மூன்றும் மெஷின் பக்கம் ஆகாது. முந்தானையை இறுகச் செருகினாலும் சேலை வேண்டாம், முடியைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். கையுறையும் சுற்றும் பிளேடுக்கு எதிரிதான், மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். பேன்ட், மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான். வட்டரம்பத்தின் சத்தத்தைத் தொடர்ந்து கேட்டால் காது மந்தமாகும். அக்கம்பக்கம் மதியத் தூக்கம் போடும் நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு உளி வேலை பாருங்கள்.

மரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வந்தால் மரத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண், நிலை, ஜன்னல், விட்டம் எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து எண்பது நூறு வருஷம் கூரைக்கடியில் காய்ந்த மரம், இனிக் காய்ந்து சுருங்க அதில் அதிகம் மிச்சமில்லை. ஆனால் ஒன்று. செதுக்கல் உள்ள நிலையையும் முழுத் தூணையும் அறுத்துப் பலகையாக்க வாங்காதீர்கள். ஒடிந்த விட்டம், தனிச்சட்டம், உடைந்த கதவின் பலகை ஆகியவையே ஒருவர் கைக்கு ஆயுசுக்கும் போதும்.

பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். அறுக்கும் முன் வலுவான காந்தத்தை மேலே ஓட்டுங்கள், கறுத்த புள்ளி தெரிந்த இடத்தில் உளியால் லேசாகக் கிளறிப் பாருங்கள். ஒரே ஆணி ஒரு பிளேடைத் தின்றுவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி உப்புத்தாள் போடாமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள்.

விலை கன அடிக் கணக்கில் வரும். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஆறடி நீளம், எட்டங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 72-ஐ 144-ஆல் வகுத்து அரை கன அடி. டிப்போவில் பக்கத்தில் நின்று நீங்களும் டேப்பைப் பிடியுங்கள்.

சொந்தத் தோட்டத்து வேம்பையோ மாவையோ பலகையாக்கினால் ஓரங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் நிழலில் காயவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, வெட்டுமுகத்தில் பெயின்ட் அடித்தால் வெடிக்காது. தரையில் நேரே அடுக்கினால் கரையானுக்கு விருந்து. செங்கல் மேல் ஓரடியாவது உயர்த்துங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெயை அடிக்கட்டைகளில் பூசுவது நம் பக்கத்துப் பழைய வழி. கையில் பட்டால் தோல் பொத்துப்போகும், அங்கே மட்டும் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். தேக்கு, சந்தனம், ஈட்டி வெட்டுவதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

காய்ந்த மரமும் அசையும். சித்திரையில் செய்த கதவு கார்த்திகையில் பிடிப்பது இதனால்தான். நார்ப்போக்கில் நீளம் மாறாது, அகலம்தான் கூடும் குறையும். ஆகவே சட்டத்துக்குள் வரும் பலகையை ஒட்டாமல் பள்ளத்தில் மிதக்கவிடுங்கள், கோடையில் செய்தால் இரு பக்கமும் 2 மி.மீ. விட்டுச் செய்யுங்கள்.

எண்ணெய்த் துணி

ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். அறைக்குள் தீயணைப்பான் ஒன்று வாசல் பக்கமாக இருக்கட்டும், உள்மூலையில் இருந்தால் எடுக்கப் போக முடியாது.

காசு வாங்கி வேலை செய்தால்

பக்கத்து வீட்டுக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தீர்கள், அவர் இன்னொருவரிடம் சொன்னார், இப்படித்தான் ஆர்டர் வரத் தொடங்கும். வீட்டு மின் இணைப்பை அப்படியே தொழிலுக்கு ஓட்டினால் பிறகு சிக்கல் வரும். உங்கள் வேலைக்கு எந்த வகை இணைப்பு என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்பே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பங்காளிகள் குழுவிலும் இன்னொரு முறை சொல்லிவிடுங்கள். பொழுதுபோக்குக்கு என்று சம்மதித்தவர்கள் வியாபாரத்துக்கும் சம்மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.